சர்க்கரை சேர்க்காத கோப்பை

வீட்டில் அவளுக்குப் பாப்பா என்று பெயர். நாற்பதை எட்டிப் பார்க்கிற பாப்பா. காதோரம் நரை, மூக்கின் மேல் கண்ணாடி. ஆனாலும் அண்ணனுக்கு அவள் பாப்பாதான். கல்யாணமாகி வந்த அண்ணியும் அதையே பிடித்துக்கொண்டாள்.

வேலை, இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன சாக்லேட் பட்டறையில். கோகோ கொட்டையை வறுத்து, தோலை உடைத்துப் புடைத்து, கல் உருளையில் அரைக்கிற இடம். உருளை ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் வாயசைவுதான் தெரியும். வாரம் முழுக்க அந்த இரைச்சலில் வாய்மூடிக் கிடப்பவளுக்குச் சனிக்கிழமை மட்டும் விடிவுகாலம். அன்று முன்கூடத்தில் மேசை போட்டு, வருகிறவர்களுக்குச் சர்க்கரை சேர்க்காத சாக்லேட்டைச் சில்லுச் சில்லாக உடைத்துக் கொடுப்பாள். வாயில் போட்டதும் முகத்தைச் சுளிப்பார்கள். அதற்காகவே காத்திருந்தவள் போல ஆரம்பிப்பாள்.

“கடிக்காதீங்க, நாக்குல வச்சுக் கரைய விடுங்க. சர்க்கரை ஒரு பொட்டுகூடச் சேர்க்கலை. நார்ச்சத்து இருக்கு, மக்னீசியம் இருக்கு, இரும்பு இருக்கு. இந்தத் துவர்ப்பு இருக்கே, இது ரத்தக் குழாய்க்கு நல்லதுன்னு சொல்றாங்க. ஆனா பாதிக்குப் பாதி கொழுப்பு. அதனால ஒரு சில்லோட கையைக் கட்டிக்கணும்.”

கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். அவள் பேசி நாலு பேர் தலையாட்டுகிற இடம் உலகத்திலேயே அந்த மேசை ஒன்றுதான்.

அதனால்தானோ என்னவோ, அண்ணிக்கு ரத்தம் குறைவு என்று தெரிந்தபோது பாப்பாவுக்கு வருத்தத்தோடு கொஞ்சம் சந்தோஷமும் வந்தது. பிற்பாடு அவளை அதிகம் அறுத்தது அந்தச் சந்தோஷம்தான்.

அண்ணி தையல்காரி. கர்ப்பப்பையில் கட்டி இருந்தது, எடுத்தாக வேண்டும். ரத்தம் ஏறினால்தான் ஆபரேஷன், அதுவரை தினமும் இரும்பு மாத்திரை என்று சொல்லிவிட்டார் டாக்டரம்மா. மறுநாள் காலையிலேயே பாப்பா சாக்லேட் பாளத்தைச் சீவி, வெந்நீரில் கரைத்து, நுரை வர அடித்து, கோப்பையையும் மாத்திரையையும் சேர்த்து நீட்டினாள்.

“என்னடி இது, ரோடு போட்ட தார்ல மிச்சமா?”

“இரும்பு அண்ணி. மாத்திரைலயும் இரும்பு, இதுலயும் இரும்பு. ரெண்டும் சேர்ந்தா டபுள்.”

“சக்கரை?”

“மூச்!”

அண்ணி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மாத்திரையை அந்தக் கசப்போடு விழுங்கினாள். “உங்க அண்ணனைக் கட்டிக்கிட்டதுகூட இவ்வளவு கசக்கல” என்றாள். ஆனாலும் ஒரு நாள் தவறாமல் குடித்தாள். நாத்தனார் ஆசையாகப் போட்டுத் தருவதை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

ரத்தம் ஏறவில்லை. அடுத்த பரிசோதனையிலும் ஏறவில்லை. ஆபரேஷன் தள்ளிப் போயிற்று. தையல் மெஷினில் உட்கார்ந்தால் அண்ணிக்குத் தலை சுற்றியது. துணியைப் பாதியில் விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்துகொள்வாள்.

அண்ணன் முதலில் கிண்டலாகத்தான் கேட்டான். “மாத்திரையை ஜன்னல் வழியாத் துப்புறியா? வெளிய காக்கா எல்லாம் கொழுகொழுன்னு இருக்கே.”

“ஆமா, அதுங்களுக்கும் ஆபரேஷன்” என்றாள் அண்ணி.

பிறகு கிண்டல் போய்விட்டது. கத்திக்குப் பயந்து நாடகமாடுகிறாள் என்று அவனே முடிவு கட்டினான். தினமும் காலையில் அவள் மாத்திரை விழுங்கியதும், “வாயைத் திற, நாக்கைத் தூக்கு” என்று செல்போன் டார்ச்சை அடித்துப் பார்க்க ஆரம்பித்தான். அண்ணி வாயைத் திறந்து காட்டிக்கொண்டு மேலே கூரையைப் பார்ப்பாள். பாப்பா கோப்பையைக் கழுவுவாள்.

அந்தச் சனிக்கிழமை, பேச்சு முடிந்ததும் மேசைக்கு எதிரே நின்ற ஒரு பெண் கேட்டாள்: “இரும்பு மாத்திரையை இது கூடவே சாப்பிடலாமா?”

பாப்பா வாயைத் திறப்பதற்குள் பட்டறை முதலாளியம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். “ஐயோ, கூடவே கூடாது. டீ, காபி மாதிரிதான் இதுவும். இந்தத் துவர்ப்பு இரும்பைப் பிடிச்சுக்கும், உடம்புல சேர விடாது. ரெண்டு மணி நேரமாவது தள்ளிச் சாப்பிடுங்க.”

கையிலிருந்த சில்லு பாப்பாவின் விரல் சூட்டில் இளகியது. எந்தத் துவர்ப்பை வாய் வலிக்கப் புகழ்ந்தாளோ அதைத்தான் இத்தனை நாளும் மாத்திரையோடு சேர்த்து ஊற்றியிருக்கிறாள்.

போனதும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வீட்டுக்கு நடந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அண்ணன் உள்ளே, “பாப்பா ஒருத்திதான் உனக்காக உசிரை விடுறா” என்று அண்ணியைத் திட்டிக்கொண்டிருந்தான். சொல்ல வந்ததைச் சொல்லாமல் பாப்பா நேரே அடுக்களைக்குள் போய்விட்டாள். மறுநாள், “காலைல நேரமாகுது அண்ணி, மாத்திரைக்குத் தண்ணி போதும். இதைச் சாயங்காலம் போட்டுத் தரேன்” என்று மட்டும் சொன்னாள். அண்ணன் டார்ச் அடித்தான். அதற்கடுத்த நாளும் அடித்தான். ஒவ்வொரு காலையும் இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று நினைத்துக்கொண்டு பாப்பா பக்கத்தில் நின்றாள்.

அடுத்த பரிசோதனையில் ரத்தம் ஏறியிருந்தது. டாக்டரம்மா அறையில் மூன்று பேரும் இருந்தார்கள். ஆபரேஷன் தேதி குறித்தாயிற்று. அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை.

“எல்லாம் டார்ச் செஞ்ச வேலை டாக்டர். இவ இத்தனை நாளா மாத்திரையைத் துப்பிட்டு இருந்திருக்கா.”

டாக்டரம்மா அண்ணியைப் பார்த்தாள். “படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா. இப்படிப் பண்ணலாமா?”

அண்ணி மடியிலிருந்த பையின் காதைத் திருகினாள். “துப்பல டாக்டர். ஒருவேளை... நடுவுல சில நாள் மறந்திருப்பேனோ என்னவோ.”

ஒரு நாளும் மறக்காதவள். பாப்பாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

“அவங்க மறக்கல. நான்தான் கெடுத்தேன்” என்றாள். தானே கோகோவைக் கரைத்து மாத்திரையோடு கொடுத்ததைத் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தாள்.

“கோகோ நல்லதுதான், மாத்திரை நேரத்துல மட்டும் ஆகாது. அப்போ ஏறாததுக்கு அதுவும் காரணமா இருந்திருக்கும்” என்றாள் டாக்டரம்மா. பிறகு அண்ணியிடம், “விசாரிக்காம சொல்லிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க” என்றாள்.

வெளியே நடைவழியில் அண்ணன் தொண்டையைக் கனைத்தான். “பாப்பா தெரியாமத்தானே...”

“உங்ககிட்ட அப்புறம் பேசுறேன்” என்றாள் அண்ணி. பாப்பாவின் பக்கம் திரும்பினாள். “உனக்கு எப்போ தெரியும்?”

“கோப்பையைச் சாயங்காலத்துக்கு மாத்தினேனே, அதுக்கு முந்தின நாள்.”

“அதுக்கப்புறம் இவர் தினம் டார்ச் அடிச்சாரே. நீ பக்கத்துலதானே நின்னே?”

“நின்னேன் அண்ணி.”

“தார் மாதிரி ஊத்திக் கொடுத்தியே, அது தெரியாம செஞ்சது. அதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.” அண்ணியின் குரல் உயரவேயில்லை. “ஆஸ்பத்திரியில என்கூட நீ தங்க வேண்டாம். எங்க அக்காவை வரச் சொல்லிக்கிறேன்.”

பாப்பா தலையாட்டினாள். அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினாள். கை கொடுக்க நீட்டிய பாப்பா, பாதியிலேயே கையை இழுத்துக்கொண்டு, ஒரு படி பின்னால் நடந்தாள்.