முன்வரிசையில் நின்ற அக்கா

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவர் வாழ்க்கையைச் சொல்ல உட்கார்ந்தால், அந்தக் கடைசி மாலைதான் முதலில் வந்து நிற்கிறது. அதைத் தள்ளிவைத்துத் தொடங்க முயல்கிறேன்.

கொருக்குப்பேட்டையில், சரக்கு ரயில் போனால் பாத்திரங்கள் அதிரும் வீட்டில் அக்கா பிறந்தார். விம்கோ நகரில் வாழ்க்கைப்பட்டார். மாமா வேலை பார்த்த ஆலை மூடப்பட்டது; சில ஆண்டுகளில் மாமாவும் போய்விட்டார். அக்கா ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்து மகனைப் படிக்கவைத்தார். தங்கையான என்னையும் ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பியவர் அவர்தான்.

மகன் வேலைக்காகச் சீனா போனான். மருமகளின் பிரசவத்துக்கு அக்காவும் போனார். அங்கே மாலையானால் குடியிருப்பை ஒட்டிய சதுக்கத்தில் பெண்கள் பாட்டு போட்டு வரிசையாக நின்று ஆடுவார்களாம். பேச ஆளில்லாமல் தவித்த அக்கா ஒருநாள் கடைசி வரிசையில் போய் நின்றுவிட்டார்.

“யாரும் பேரு கேக்கல, ஊரு கேக்கல. முன்னாடி கீற அம்மா முதுகப் பாத்து ஆடினேன். கைகாலு தானா வந்துச்சி” என்பார்.

திரும்பி வந்ததும் எங்கள் தெருமுனைத் திடலில் அதையே ஆரம்பித்தார். மீன் விற்றுவிட்டு வருபவர்களும் ஷிப்ட் முடித்தவர்களும் நானும் சேர்ந்துகொண்டோம். எதிரே டீக்கடையில் நிற்கும் ஆண்கள் விடவில்லை.

“இன்னாக்கா, ரெக்கார்டு டான்ஸா?”

“ஆமா நைனா, நீயும் வா. அந்தத் தொப்பைக்கு வேற வைத்தியம் கெடியாது.”

அடுத்த வாரம் அப்படிக் கேட்டவரின் மனைவி ஆட வந்து நின்றார்.

சீனாவில் பார்த்தபடியே அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டி முன்னால் நிற்பார். வாயால் எதுவும் சொல்லித் தர மாட்டார். புது அசைவென்றால் சொல்லாமல் செய்வார்; நாங்கள் பார்த்துச் செய்வோம். அவர் முகத்தை ஆட்டம் முடிந்த பிறகுதான் பார்ப்போம்.

அன்றும் அப்படித்தான். பாட்டின் நடுவில் அக்கா கையை நெஞ்சில் வைத்தார். நாங்களும் வைத்தோம். மெல்லக் குனிந்தார், குனிந்தோம். முட்டி போட்டார்.

“மூட்டு வலிக்காரிங்கள சாவடிக்கிறியேக்கா” என்று என் பக்கத்தில் நின்ற மல்லிகா முனகினாள். எல்லோரும் சிரித்தபடி முட்டி போட்டோம். அக்கா ஒருபக்கமாகச் சாய்ந்தார். மல்லிகாவும் சாயப் போனாள். அக்கா மண்ணில் முகம் பதியக் கிடந்தபோதுதான் எங்களுக்குப் புரிந்தது. பாட்டை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து ஆட்டோ மருத்துவமனையை அடைந்தபோது உயிர் இல்லை.

காரியத்தன்று அந்தப் பெண்கள் வீட்டுக்குள் வராமல் தெருவிலேயே நின்றார்கள். நான் வெளியே போனேன்.

“நாங்க சிரிச்சிகினு இருந்தோம் டீச்சர்” என்றாள் மல்லிகா. “அதுக்கு உசுரு போவுது, நாங்க சிரிக்கிறோம்.”

முன்பே தெரிந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று மருத்துவர் சொன்னதை அவளிடம் சொன்னேன். எனக்கும் சொல்லிக்கொள்கிறேன். சில நாட்களில் நம்பவும் முடிகிறது. எங்கள் குடும்பத்தில் எவருக்கும் அன்று அக்காவுடன் ஆடிய உங்கள் மேல் குறை இல்லை என்பதை அச்சில் எழுதிவைக்கவே இந்தக் கட்டுரையை ஒப்புக்கொண்டேன்.

திடல் பல மாதம் வெறுமையாகக் கிடந்தது. சென்ற மாதம் என் மகள் ஆட்டத்தை மறுபடி தொடங்க அக்காவின் ஸ்பீக்கரைத் துடைத்து எடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

“வேணாம்மா. உனுக்கு எதுனா ஆச்சின்னா?”

“நான் உங்களப் பாத்துகினு நிக்கிறேன்மா. என் மூஞ்சி உனுக்குத் தெரியும், உங்க மூஞ்சி எனுக்குத் தெரியும்.”

அன்று ஆட்டோவைக் கொண்டுவந்த தம்பிக்கும், அக்காவை மடியில் தாங்கிவந்த மல்லிகாவுக்கும், அடுப்பு மூட்டாத எங்கள் வீட்டுக்குச் சோறு அனுப்பிய தெருவாருக்கும், வர இயலாத மகனின் இடத்தில் நின்று கொள்ளி வைத்த சித்தப்பா மகனுக்கும் எங்கள் நன்றி.

இப்போது மாலையில் என் மகள் எங்களைப் பார்த்து நின்று ஆடுகிறாள். அவள் வலது கை எங்களுக்கு இடது பக்கம். ஆளுக்கொரு பக்கம் திரும்பி இடித்துக்கொள்கிறோம், ஒரு பாட்டையும் ஒழுங்காக முடிக்கவில்லை. திரும்பி நில் என்று அவளிடம் யாரும் சொல்வதில்லை.