ஜோடி இல்லாத வீராயி

மந்தாரக்குப்பம் போகிற வழியில் வீராயி கொட்டகை எது என்று கேட்டால் யாரும் கை நீட்டிக் காட்டுவார்கள். சிலர் காட்டிவிட்டுக் காறித் துப்பவும் செய்வார்கள். புருஷன் செத்தவள், புருஷன் விட்டவள், புருஷனை விட்டவள் என்று எல்லாத் தரத்துப் பெண்களும் அங்கே ஒரே பானையில் பொங்கித் தின்கிறார்கள் என்பதில் அவர்களுக்கு அத்தனை ஆற்றாமை.

வீராயி பிறந்த ஊர் இப்போது இல்லை. நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். நிலம் இருந்தவர்கள் நஷ்டஈடு வாங்கிக்கொண்டு பண்ருட்டி, சேத்தியாத்தோப்பு என்று போனார்கள். அடுத்தவர் நிலத்தில் நட்டும் அறுத்தும் பிழைத்த வீராயி வகையறாவுக்குக் கூரையைப் பிரித்துத் தலையில் தூக்கிக்கொள்ள மட்டும்தான் உரிமை இருந்தது. அவளும் புருஷன் கலியனும் அப்படித் தூக்கிக்கொண்டு வந்தவர்கள்தான். சுரங்க ஊழியர்களுக்காக டவுன்ஷிப்பில் பிளாக் பிளாக்காகக் குவார்ட்டர்ஸ் எழும்பிய சமயம். மண் வேலைக்குப் போனார்கள்.

மண் வேலைக்கு ஆளைத் தனியாக எடுப்பதில்லை. ஜோடியாகத்தான் எடுப்பார்கள். ஆண் மம்பட்டியால் வெட்டிப் போடுவான், பெண் கூடையில் சுமந்து கொட்டுவாள். சனிக்கிழமை சாயந்திரம் இரண்டு பேர் கூலியும் ஆண் கையில் விழும். அதிலே அவன் கொடுத்ததுதான் அவளுக்கு. அது அநியாயம் என்று யாருக்கும் தோன்றியதில்லை. வீராயிக்கும்தான், கலியன் இருக்கும் வரை.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஐப்பசி மழையில் கலியன் காய்ச்சல் கண்டு செத்தான். கருமாதி முடிந்து வேலைக்கு வந்தவளை மேஸ்திரி வைத்திலிங்கம் திருப்பி அனுப்பினார். ஜோடி இல்லாதவளுக்கு வேலை இல்லை. மனிதர் கொடுமைக்காரர் அல்ல. வழியும் அவரே சொன்னார். கொழுந்தன் சின்னதுரை சும்மாதானே திரிகிறான், அவனோடு ஜோடி சேர்ந்துகொள்ளலாமே என்றார். அப்படிச் சேர்ந்த பெண்கள் இருந்தார்கள். பகலில் கூடை தூக்குகிறவள் கொஞ்ச நாளில் அவனுக்குச் சோறும் பொங்குவாள். பிறகு மற்றதும். கூலி அவன் கையில் இருக்கும்போது எதைத்தான் மறுப்பாள்?

வீராயி நேராகத் தனத்திடம் போனாள். தனம் பண்ருட்டியில் முந்திரி உடைத்து, தோட்டு எண்ணெய் பட்டு உள்ளங்கை கருகிப்போன பெண். புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான். அண்ணன் வீட்டில் ஏச்சும் சோறும் ஒன்றாகவே பரிமாறப்பட்டன. மறுநாள் காலை இரண்டு பேரும் வேலையிடத்தில் வந்து நின்றார்கள். தனத்தின் தலையில் கூடை. வீராயியின் தோளில் கலியனுடைய மம்பட்டி.

"மம்பட்டிய யாருகிட்டக் குடுக்க எடுத்தாந்த வீராயி?" என்றார் மேஸ்திரி.

"யாருகிட்டயும் இல்லீங்க. ஜோடி கேட்டீங்களே, இந்தா நிக்குது ஜோடி."

வரிசையில் நின்ற பாவாடை என்பவன், இதில் மாப்பிள்ளை யார் என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தான்.

"மாப்ள நாந்தான்டா. மொய் எழுதினு போ" என்றாள் வீராயி. இப்போது சிரிப்பு பாவாடை மேல் திரும்பியது. அவன் பெண்டாட்டி ருக்குமணியும் சேர்ந்து சிரித்தாள்.

மேஸ்திரி சிரிக்கவில்லை. வெட்டவேண்டியது வீட்டு அஸ்திவாரத்துக்கான கடைக்கால். "தாலி அறுத்தவ கடக்கா பறிச்சா அந்த வூடு வெளங்குமா?"

வீராயி மம்பட்டியைத் தரையில் ஊன்றினாள். "எங்க ஊர்ல எல்லா வூட்டுக்கும் நல்ல நேரம் பாத்து ஆம்பளைங்கதான் கடக்கா பறிச்சாங்க. அதுல ஒரு வூடு நிக்குதா சொல்லுங்க, நான் இப்பிடியே திரும்பிப் போயிடறேன்."

கூட்டத்தில் பாதிப் பேர் அந்த ஊர்க்காரர்கள்.

மேஸ்திரி செம்மண்ணும் கூழாங்கல்லும் இறுகிக் கிடந்த மூலையைப் பார்த்து அளந்து விட்டார். ஒரு வாரத்தில் தானாக ஓடிப்போவார்கள் என்பது அவர் கணக்கு. முதல் நாள் வீராயி வெட்டியது அவர் எண்ணத்துக்குத் தோதாகவே அமைந்தது. காலமெல்லாம் வயலிலே கிடந்தவள், வாய்க்கால் வெட்டுவது போல மேலே அகலமும் அடியில் குறுகலுமாகக் கரையைச் சரித்து வெட்டிவிட்டாள். செங்கல் எங்கே உட்காரும் என்று மேஸ்திரி திட்டினார். மறுநாள் சரிவையெல்லாம் செதுக்கிச் செங்குத்தாக்கினாள். கொப்புளம் உடைந்து மம்பட்டிப் பிடி வழுக்கியது. தனம் முந்தானையைக் கிழித்துப் பிடியில் சுற்றிக் கொடுத்தாள். அந்த மூலை முடிந்தது.

சனிக்கிழமை வந்தது. கூலி போடும் இடத்தில் தலைக்கு எண்ணெய் தடவிச் சீவி முன்னால் நின்றவன் சின்னதுரை. கூலி ஆண் கையில்தான் கொடுப்பது வழக்கம், உங்களுக்காக வாங்கிப்போக இவன் வந்திருக்கிறான் என்று மேஸ்திரி விளக்கினார். சின்னதுரை ஒரு கூடை மண்கூடத் தொட்டதில்லை.

வீராயி மேஸ்திரியின் மேசைக்கு முன்னால் மம்பட்டியைக் குறுக்கே போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். தனம் பக்கத்தில் உட்கார்ந்தாள். இவர்கள் எழுந்தால்தான் பின்னால் நிற்பவர்கள் மேசைக்கு வரமுடியும். சந்தைக்குப் போகவேண்டிய அவசரம் எல்லாருக்கும். ஆண்கள் கத்தினார்கள், வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். பொட்டச்சிக்கு இவ்வளவு திமிரா என்று எவனோ கேட்டான்.

"இருக்குது. வெட்டின கைக்கு ஒண்ணு, சொமந்த தலைக்கு ஒண்ணு. தனித்தனியாக் குடுங்க, எழுந்துக்கறேன்" என்றாள் அவள், மேஸ்திரியை மட்டும் பார்த்து.

அப்போதுதான் ருக்குமணி வரிசையை விட்டு முன்னால் வந்தாள். சின்ன உருவம், இடுப்பில் பிள்ளை. வீராயிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் கூலியும் இனிமேல் தன் கையில்தான் என்றாள்.

"இன்னாடி பேசற நீ?" என்று பாய்ந்தான் பாவாடை.

"பேசறது புரியலையா? சாராயக்காரன் கையில போறத எங் கையில குடுக்கச் சொல்றேன்."

இருட்டத் தொடங்கியது. மேஸ்திரி வெள்ளைத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கூலியைப் பிரித்து, வீராயி கையில் ஒன்று, தனத்தின் கையில் ஒன்று, ருக்குமணியின் கையில் ஒன்று என்று வைத்தார். மற்றப் பெண்கள் பார்த்துக்கொண்டே புருஷன் பின்னால் போனார்கள். அந்த வாரம் மூன்றே பேர்தான்.

பாவாடை அன்றைக்கே ருக்குமணியை வீட்டுப்படி ஏறாதே என்றான். அவள் பிள்ளையோடும் மூட்டையோடும் வீராயி குடிசைக்கு வந்தாள். இடம் பற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை பனையோலை போட்டுப் பக்கத்தில் ஒரு சாய்ப்பு இறக்கினார்கள். ஊரே துப்புகிற கொட்டகை இப்படித்தான் எழுந்தது.

திங்கட்கிழமை பாவாடை மம்பட்டியோடு தனியாக வேலைக்கு வந்தான். வைத்திலிங்கம் அவனை மேலும் கீழும் பார்த்தார். மண் வெட்டினால் யார் சுமப்பது? ஜோடி இல்லாதவனுக்கு வேலை இல்லை என்று அவனையும் திருப்பி அனுப்பினார்.

பாவாடை நான்கு நாள் ரோஷத்தோடு இருந்தான். ஐந்தாம் நாள் விடியலில் சாய்ப்புக்கு வெளியே வந்து நின்று, ருக்குமணியை அனுப்பச் சொல்லி வீராயியிடம் கேட்டான். குரலில் பழைய கேலி இல்லை.

"அவளக் கேளு" என்றாள் வீராயி. "வரேன்னு சொன்னா கூட்டினு போ. கூடை மட்டுந்தான் உங்கூட ஜோடி. சனிக்கெழம அவ கூலி அவ கையில. ராத்திரிக்கி இங்கதான் படுக்கை, அவளுக்கே மனசு வர்ற வரைக்கும்."

பாவாடை தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். உள்ளே ருக்குமணி அவசரப்படாமல் பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.