இரண்டு இழுப்பு

பெருமாள்மலைக்குக் கீழே தைல இலை காய்ச்சும் கொட்டகையில் ஒய்யம்மாள் அடுப்பெரிக்கத் தொடங்கிப் பதினொரு வருடம். காட்டில் கிழங்கு தோண்டித் திரிந்த வயதில் எந்த மேட்டிலும் அவளுக்கு மூச்சு வாங்கியதில்லை. இப்போது குடத்தைத் தூக்கினாலே நெஞ்சு விசிலடிக்கிறது. உடன் எரிக்கும் பாண்டீஸ்வரிக்கும் அதே கதிதான்.

மேஸ்திரி சண்முகராஜுக்குத் திடீரென்று கருணை பொங்கியது. தைலத்தைப் புட்டியில் அடைக்கும் அறையில் ஓர் இடம் காலி. "ரெண்டு பேரும் டவுனுக்குப் போயி மூச்சு டெஸ்ட் எடுத்துட்டு வாங்க. யாருக்கு நெஞ்சு ரொம்பக் கெட்டுக் கெடக்கோ அவளுக்கு அந்த எடம்" என்றான். கெட்ட நெஞ்சுக்குப் பரிசு வைத்த மகராசன்!

பஸ்ஸிலேயே ஒய்யம்மாளுக்கு இழுத்துக்கொண்டது. பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள். பாண்டீஸ்வரி, அரசு ஆஸ்பத்திரியில் தனக்குக் கொடுத்த, வாயில் வைத்து மருந்தை இழுக்கும் பம்ப்பை எடுத்தாள். அதில் இரண்டு இழுப்புதான் மிச்சம்.

"நீ அடிச்சுக்கோக்கா. நான் சமாளிச்சுக்கிருவேன்."

ஒய்யம்மாள் இரண்டையும் இழுத்தாள். டவுன் வருவதற்குள் மூச்சு சீராகிவிட்டது.

மிஷின் அறைக்குள் முதலில் ஒய்யம்மாளை மட்டும் விட்டார்கள். அங்கே இருந்த லாவண்யா என்ற பெண் எடுத்த எடுப்பில் அதைத்தான் கேட்டாள். "காலைல பம்ப் அடிச்சீங்களாம்மா? அடிச்சிருந்தா நல்லா இருக்கற மாதிரி காட்டிரும். இன்னொரு நாள் வரலாம்."

பம்ப்பை அடுத்தவருக்குக் கொடுத்தால் இனிக் கிடையாது என்று பாண்டீஸ்வரியை நர்சம்மா மிரட்டியிருந்தது நினைவுக்கு வந்தது. பதினொரு வருடப் புகையை இரண்டு இழுப்பா மறைத்துவிடப் போகிறது?

"இல்லைங்க" என்றாள்.

மூக்கில் கிளிப், வாயில் குழாய். "நல்லா இழுத்து வேகமா ஊதுங்க, விடாதீங்க, விடாதீங்க." அடுப்பு ஊதிப் பழகியவள் மூன்று தடவையும் சொன்னபடி ஊதினாள். "நார்மல்மா" என்று லாவண்யா சந்தோஷமாகக் காகிதத்தை நீட்டினாள். அடுத்து உள்ளே போன பாண்டீஸ்வரியால் பாதிகூட ஊத முடியவில்லை.

மறுநாள் சண்முகராஜ் இரண்டு காகிதங்களையும் பார்த்தான். பாண்டீஸ்வரி புட்டி அறைக்குப் போனாள். போகும்போது, "ஒனக்கு ஒண்ணுமில்லைன்னதும்தான் எனக்கு உசுரே வந்துச்சுக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உண்மையைச் சொன்னால் அவளுக்குப் பம்ப்பும் போகும், இடமும் போகும்.

"வெரசாப் போ, சோலி கெடக்கு" என்று அனுப்பிவிட்டு ஒய்யம்மாள் குனிந்து அடுப்பை ஊதினாள்.

மத்தியானத்துக்குள் நெஞ்சு அடைத்துக்கொண்டது. சுவரைப் பிடித்து நின்றவளிடம் சண்முகராஜ் வந்தான்.

"நடிக்காத. காகிதம் எங்கிட்ட இருக்கு" என்றான்.