பக்கத்து வீட்டுக் குழந்தை

எங்க ஹெல்த் இன்சூரன்ஸில் பாப்பாவையும் சேர்க்கணும்னு இன்னிக்குக் கம்பெனிக்குப் போன் பண்ணேன்.

எடுத்தது மனுஷி இல்லை, ஏஐ. அதை அதுவே சொல்லுச்சு. ஆனா குரல் அச்சு அசல் நம்ம திருச்சிப் பொண்ணு. "சொல்லுங்க மேடம், ஸ்ரீரங்கத்துல மழைங்களா?"

அது கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டு இருந்தேன். உள்ளே பாப்பா இருமினாள்.

"குழந்தை இருமுறது கேக்குதுங்க. எத்தனை நாளா இருக்கு?"

வெறும் சளிதான். ஆனா முன்னாடியே இருந்த நோய்னு பதிஞ்சுட்டா, நாளைக்கு மூச்சுத்திணறல்னு ஆஸ்பத்திரிக்கு ஓடினா பணம் தர மாட்டாங்களே!

"அது பக்கத்து வீட்டுக் குழந்தைங்க"ன்னுட்டேன்.

"சரிங்க மேடம்."

அப்பத்தான் பாப்பா "அம்மா"ன்னு கூப்பிட்டாள்.

அப்புறம் அதே இதமான குரல். "பக்கத்து வீட்டுக் குழந்தை உங்களை அம்மான்னுதான் கூப்பிடுமாங்க?"

கட் பண்ணிட்டேன்.

"பெத்த பிள்ளையை இல்லைன்னு யாராவது வாய்விட்டுச் சொல்லுவாங்களா?"ன்னு மாமியார் திட்டிக்கிட்டே சமயபுரத்தாளுக்கு மஞ்சத்துணியில் காசு முடிஞ்சு வச்சாங்க.

"நாளைக்கு உண்மையைச் சொல்லிடு"ங்கிறார் வீட்டுக்காரர். சொல்லலாம். இனிமே நான் சொன்னா அது நம்புமா?

பாப்பா இருமும்போதெல்லாம் என் கை தானா அவ வாயைப் பொத்தப் போகுது.

இருமல் அதுக்குக் கேக்கக் கூடாதுன்னு என் போனை அரிசி டிரம்முக்குள்ளே போட்டு மூடி வச்சிருக்கேன். இதை அவர் போனில் எழுதறேன். இதுக்குக் காது கிடையாதுன்னு யாராவது சொல்லுங்களேன்.