அண்ணியின் கேலக்ஸி

மானாம்பதியில் எங்கள் வீட்டுக் கூடத்தில், சுவருக்குச் சுவர் விரித்துக் கிடந்த வரைபடச் சுருளின்மேல் அண்ணி குனிந்து உட்கார்ந்திருந்ததுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. எழுபதுகளின் இறுதி. நான் அப்போது உத்திரமேரூரில் பள்ளி ஆசிரியை. அண்ணனை மணந்து வந்தபோதே அண்ணி சென்னையில் வானியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். வாரம் முழுக்க அங்கே விடுதி. சனிக்கிழமை பஸ் பிடித்து ஊருக்கு வருவார். அறுவடை முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வீட்டோடு வந்துவிடுவதாக அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த ஞாயிறு காலை அம்மா பொறுமை இழந்தார். "இன்னாம்மா இது, ஒரே கோட்ட பாத்துக்கினு கீற? நாஷ்டாகூட துன்னல."

அண்ணி தட்டிலிருந்து ஓர் இட்லியை எடுத்துப் பக்கவாட்டில் காட்டினார். "நடுவுல மேடு, ஓரம் மெலிசு. பாத்தீங்களா அத்தை? நான் படிக்கிற கேலக்ஸியும் இந்த மாதிரிதான். நட்சத்திரமெல்லாம் நடுவுல குமிஞ்சு கீது, சுத்தி தட்டாட்டம் பரவிக் கீது." மற்ற தட்டு வடிவ விண்மீன் மண்டலங்களில் நடுவிலிருந்து சுழன்று விரியும் சுருள் கைகள் இதற்கு இல்லை என்றார். புது நட்சத்திரம் பிறக்கத் தேவையான வாயு அநேகமாகத் தீர்ந்துவிட்டது. வயதான நட்சத்திரங்களின் வெளிச்சத்திலேயே அது நிற்கிறது. பிறகு இட்லியின் வட்டமான முகத்தை அம்மா பக்கம் திருப்பினார். "இப்ப சொல்லுங்க, இது இட்லியா, உருண்டையா? தெரியாதில்ல? என் கேலக்ஸி இப்படித்தான் நமக்கு மூஞ்சியக் காட்டிக்கினு கீது."

"அப்ப எப்பிடித்தான் கண்டுபுடிப்ப?" அம்மா தன்னையறியாமல் அருகே உட்கார்ந்துவிட்டார்.

அதற்குத்தான் அந்தக் கோடு. நடுவிலிருந்து விளிம்புவரை வெளிச்சம் எப்படிக் குறைகிறது என்பதை அது காட்டியது. உருண்டை வடிவ மண்டலமென்றால் சீராகத் தேய்ந்துபோகும். அண்ணியின் கோடோ செங்குத்தாக இறங்கி, ஓரிடத்தில் வளைந்து, அதன்பின் மெல்ல மெல்லச் சரிந்தது. அந்த வளைவில்தான் தட்டு தொடங்குகிறது என்று அவர் நம்பினார். அவருடைய பேராசிரியர் ஒப்பவில்லை. அது உருண்டைதான், வளைவு புகைப்படத் தகட்டின் கோளாறு, இந்த ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றை வைத்து ஆய்வேட்டை முடித்துக்கொள் என்றார். மறுபடி படமெடுப்பதென்றால், அந்த மண்டலம் திரும்பவும் இரவு வானத்துக்கு வரும்வரை ஏறக்குறைய ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

"விட்டுட்டாலும் பட்டம் குடுப்பாங்க, அத்தை. ஆனா கோடு வளையுது. பாக்காத மாதிரி என்னால இருக்க முடியல."

அறுவடைக்குள் வருவதாகச் சொன்ன வாக்கு போயிற்றே என்று அம்மாவின் முகம் இறுகிவிட்டது. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். மறுநாள் விடியலில் பஸ்ஸுக்குக் கிளம்பியவரிடம் சோற்று டப்பாவை நீட்டி, "எனக்கு ஒண்ணும் புரியல. அரைகுறையா வுட்டுட்டு வந்து வூட்டுல மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருக்காத. முடிச்சிட்டே வா" என்றார்.

அந்த ஒரு வருடமும் ஊர் கேட்ட கேள்விகளுக்கு அம்மாவே பதில் சொன்னார். பருவம் வந்தபோது முதல் முயற்சியை மேகம் கெடுத்தது. அடுத்த முறை தகட்டில் படம் தெளிவாக விழுந்தது. அண்ணியும் பேராசிரியரும் தனித்தனியாக அளந்தார்கள். இரண்டு கோடுகளும் ஒரே இடத்தில் வளைந்தன. பேராசிரியர் தம் சுருளை அண்ணியின் மேசைமேல் வைத்து, "தட்டு இருக்குதும்மா" என்றாராம்.

ஆய்வேடு பைண்டாகி வந்தபோது நான் புரட்டிப் பார்த்தேன். பேராசிரியரின் பழைய மறுப்பை, அதன் காரணங்களோடு, ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தார் அண்ணி. எனக்குக் கோபமாக வந்தது. இன்று கைப்பேசியில் விரல் வைத்தால் விண்மீன் மண்டலங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. பார்க்கும்போதெல்லாம் அன்று நான் கேட்டதும் அவர் சொன்னதும்தான் காதில் விழுகின்றன.

"அவ்ளோ போராடி ஜெயிச்சீங்க. அவரு சொன்னத எதுக்கு எழுதினீங்க?"

"ஜெயிச்சதெல்லாம் இல்லம்மா. ரெண்டு படத்துல வளையுது, அவ்ளோதான் எனக்குத் தெரியும். நாளைக்குப் பெரிய டெலஸ்கோப்புல பாக்கறவங்க, நான் எங்க தப்பு பண்ணியிருப்பேன்னு தேடுவாங்க. அவங்க எங்கிருந்து ஆரம்பிக்கணும்னு சொல்லி வெச்சிருக்கேன்."