மூன்றாம் ஓலை வாசித்த ஞாயிறு

இது நடந்தது 1998-இல். பெங்களூர் லிங்கராஜபுரத்தில் நானும் என் ஒரே மகனும் மருமகளும் குடியிருந்தோம். எனக்கு ஐம்பது தாண்டியிருந்தது. கணவர் இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. கார்மெண்ட்ஸ் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்து, மகன் தலையெடுத்ததும் நின்றுவிட்டேன். வேலை போனாலும் அதட்டுகிற வாய் போகவில்லை.

மருமகள் முழுகாமல் இருந்தாள். முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போயே தீருவேன் என்று பிடிவாதம். தாய்வீடு என்று பெயர்தானே ஒழிய அங்கே தாய் இல்லை. அவளுடைய அம்மா கல்யாணத்துக்கு முன்பே தவறிவிட்டார். அல்சூரில் அப்பா மட்டும் தனியாக இருந்தார். கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "அம்மா இல்லன்னா எனக்கு அந்த முறை கூட இல்லையா அத்தை?" என்று அவள் கண்ணைக் கசக்கியபோது எனக்கு மறுக்க மனம் வரவில்லை. ஆனால் பத்தியம் சமைக்கவும் பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டவும் அந்த மனுஷனுக்கு என்ன தெரியும்? அதனால் பெற்ற தாய் செய்யவேண்டியதைச் செய்ய மாமியார் நான் தினமும் பஸ் ஏறினேன்.

பேரன் பிறந்தான். காலையில் போவேன், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவேன், பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் செய்துவைப்பேன், இருட்டுவதற்குள் திரும்புவேன். சம்பந்தி சும்மா இருக்கமாட்டார். பூண்டு உரிப்பார். பிள்ளையின் துணிகளை முகம் சுளிக்காமல் தானே துவைத்து மாடியில் உலர்த்துவார். நான் அதட்டினால் திருப்பி அதட்டுவார். புளி கூடிப்போச்சு என்று என்னிடம் தைரியமாகச் சொன்ன முதல் ஆள் அவர்தான். சண்டை போட்டுக்கொண்டே வேலை ஓடும். எனக்கு அது பிடித்திருந்தது என்பது எனக்கே தெரியாது.

சாயங்காலம் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை கூடவே வருவார். பஸ் வந்தால் எட்டிப் பார்த்துவிட்டு, "கூட்டமா இருக்குங்க சம்பந்தியம்மா, அடுத்ததுல போங்க" என்பார். நானும் நிற்பேன். ஒருநாள் வந்து நின்ற பஸ்ஸில் ஆறு பேர்கூட இல்லை. கண்டக்டர் படியில் நின்று ஏறச்சொல்லிக் கன்னடத்தில் கத்துகிறார். இவர் அதே முகத்தோடு, "கூட்டமா இருக்குங்க" என்றார். நானும் தலையாட்டினேன். அடுத்த பஸ்ஸில்தான் போனேன். வீடு வரும்வரைக்கும் எனக்குள் சிரிப்பு அடங்கவில்லை. அப்புறம் பயம் வந்தது.

மருமகளும் குழந்தையும் எங்கள் வீட்டுக்குத் திரும்பியபின் எனக்கு அல்சூர் போகக் காரணம் இல்லாமல் போனது. ஒருநாள் வீட்டில் நான் மட்டும் இருந்தபோது அவர் வந்தார். பேரனைத் தடுப்பூசி போட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றேன். "தெரியுங்க. உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்" என்றார். காபி கொடுத்தேன். நாம் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அன்றைக்குக் கேட்டார். யோசிக்க வேண்டும் என்றேன். யோசித்துப் பார்த்ததில் அவர் இல்லாமல் சாயங்காலங்கள் எனக்குப் போகவே இல்லை என்பது புரிந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது ஆசைதான்.

என் முடிவைச் சொன்னதும் வீடு இரண்டுபட்டது. பேரன் எடுத்த கையோடு பாட்டிக்குக் கல்யாணமா என்று சர்ச்சில் குசுகுசுத்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்று அதை விட்டுவிடலாம். மகனை அப்படி விடமுடியுமா? "உன் கழுத்துல அவரு தாலி கட்டினா நானும் என் பொண்டாட்டியும் அண்ணன் தங்கச்சின்னு சிரிப்பாங்க. அது உனக்குப் புரியலையா?" என்றான். மருமகளிடம் கேட்டேன். "எனக்கு எங்கப்பாவும் வேணும், உங்க புள்ளையும் வேணும். என்னை நடுவுல நிறுத்தாதீங்க அத்தை" என்று அழுதாள். போதகரிடம் போனேன். சம்பந்திகள் கல்யாணம் செய்துகொள்ளக்கூடாது என்று திருச்சபைச் சட்டத்தில் இல்லை என்றார். மகன் அதற்கும் மசியவில்லை. "ஓலை வாசிக்கட்டும். நான் எழுந்து நின்னு தடை சொல்றேன்" என்றான். அதன்பிறகு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டான்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், யாருக்காவது தடை இருந்தால் தெரிவிக்கலாம் என்று ஆராதனை நடுவே அறிவிப்பார்கள். முதல் ஞாயிறு என் பெயருக்கு முன்னால் 'விதவை' என்று வாசித்தபோது பெண்கள் பக்கம் அத்தனை தலைகளும் திரும்பின. மகன் வரவில்லை. இரண்டாம் ஞாயிறும் வரவில்லை.

மூன்றாம் ஞாயிறு வந்தான். ஆண்கள் பக்கம் முன்வரிசை ஒன்றில் உட்கார்ந்தான். என் பக்கம் திரும்பவில்லை. அவரோ அல்சூரில் தன்னுடைய சர்ச்சில் இருந்தார். அங்கேயும் அதே ஓலை. எனக்குத் துணைக்கு யாரும் இல்லை. போதகர் வாசித்து முடித்து, தடை உண்டா என்று கேட்டு நிறுத்தினார். மகனின் கை முன்னாலிருந்த பெஞ்சைப் பிடிப்பதைப் பார்த்தேன். எழப்போகிறான். இத்தனை பேர் முன்னால் பெற்றவளை மறுத்துப் பேசிவிட்டால் அந்தப் பேச்சு எங்களுக்கு நடுவே சாகும்வரை கிடக்கும். அதற்கு நானே நிறுத்திவிடலாம் என்று தோன்றியது. ஒரு கல்யாணம் போனால் போகட்டும், பிள்ளை போகக்கூடாது.

நான் எழுந்து நின்றேன். "ஐயா, எனக்கு இந்தக் கல்யாணம்..." என்றேன்.

"அம்மா, உக்காரு."

மகன்தான். சத்தமாகச் சொல்லவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவனுக்குக் குழம்பு எடுத்துவர நான் பாதியில் எழுந்தால் சொல்வானே, அதே குரல். நான் உட்கார்ந்துவிட்டேன். போதகர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கொஞ்சம் காத்திருந்தார். பிறகு காகிதத்தை மடித்துவிட்டு, புதன்கிழமை பெண்கள் கூட்டம் பற்றி அறிவிக்கத் தொடங்கினார். அதில் ஒரு வார்த்தைகூட என் காதில் ஏறவில்லை.

வெளியே ஸ்கூட்டர் அருகே நின்றுகொண்டிருந்தான். ஏண்டா என்றேன். சாவியை விரலில் திருப்பினான். "தடை சொல்லத்தான் வந்தேன். நீயே எழுந்து வேணாம்னு சொல்லப் போனியே, அதப் பாக்க முடியலம்மா" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏறு, போலாம்" என்றான்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டதாகச் சொல்லமாட்டேன். என் கணவரின் உறவினர்கள் கல்யாணத்துக்கு வரவில்லை. மகன் வந்தான், பிரியாணி பரிமாறினான், ஆனால் அவரோடு மனம்விட்டுப் பேச இன்னும் ஒரு வருடம் பிடித்தது. முறை மாற்றிக் கூப்பிடுகிற குழப்பமும் வரவில்லை. அவனுக்கு அவர் அன்றும் மாமா, இன்றும் மாமா. அவளுக்கு நான் அத்தைதான். பள்ளிக்குப் போகும் பேரன் மட்டும், "எங்கப்பாவோட அம்மாவும் எங்கம்மாவோட அப்பாவும் ஒரே வீடு" என்று கூட்டாளிகளிடம் பெருமை அடித்துக்கொள்கிறான்.

பிள்ளைக்காக எதையும் விட்டுக்கொடுப்பவள்தான் அம்மா என்று நம்பி வாழ்ந்தவள் நான். அப்படி நான் விட்டுக்கொடுப்பதைப் பார்க்கச் சகிக்காத ஒரு பிள்ளையை வளர்த்திருக்கிறேன் என்று நினைக்கும்போது இன்றைக்கும் எனக்குக் கண் நிறைந்துவிடுகிறது.