பதினாலரை அங்குலம்

"முட்டிக்குப் பின்னாடி பிடி. பின்னாடி. அது தொடை."

"எனக்குத் தொடை எது முட்டி எதுன்னு தெரியாதாக்கும். ஆடாம உட்காருங்க."

தச்சர் தன் பட்டறையில் மரப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி கீழே குந்தி, இன்ச் டேப்பின் ஒரு முனையை அவருடைய முழங்கால் மடிப்பில் வைத்து மறுமுனையைத் தரைக்கு இழுத்தாள்.

"பதினாலரை."

"சரியாப் பாரு."

"பாத்தாச்சு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க அளவு. யாருக்கு இந்த நாற்காலி?"

"சர்ச்சுக்கு."

"சர்ச்சுக்கு முழங்கால் இருக்கா?"

தச்சர் காதிலிருந்து பென்சிலை எடுத்துப் பலகையில் பதினாலரை என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். வழக்கமாக அவர் வட்டம் போடுவதில்லை. மனைவி அதைப் பார்த்துவிட்டாள். ஐந்து நிமிடத்தில் விஷயம் முழுவதும் வெளியே வந்தது.

முந்தின நாள் போதகர் பட்டறைக்கு வந்திருந்தார். தன் நாற்காலிக்கு வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று, கைவைத்த நாற்காலிகளாக இரண்டு வேண்டும் என்றார். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தாலும் இடுப்பு வலிக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும்.

"யாருக்குங்கய்யா? அளவு எடுக்கணுமே."

"அளவெல்லாம் வேண்டாம். சாதாரணமாச் செய்ங்க. யாருக்குன்னு இப்பக் கேக்காதீங்க. முன்னாடியே சொன்னா அவங்க மாட்டேன்னுடுவாங்க."

போகும்போது தச்சரின் தோளில் கை வைத்து, உங்களை நம்பித்தான் இருக்கிறேன் என்றும் சொன்னார்.

சாதாரண அளவு என்று ஒன்று உலகத்தில் இல்லை என்பது தச்சரின் கொள்கை. மனிதருக்கு மனிதர் கால் வேறு. அளவெடுக்காமல் செய்த நாற்காலி அடுத்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பது மாதிரி. முப்பது வருடத்தில் அவர் அளவெடுக்காமல் ஒரு முக்காலிகூடச் செய்ததில்லை. ஆகவே யாருடைய அளவு என்று அன்று இரவுச் சாப்பாடு வரை யோசித்தார். முன்னால் போய் உட்காரக் கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்லக்கூடிய அளவுக்குத் தாழ்மையுள்ளவர் சபையில் யார்? ஒவ்வொருவராக மனதில் நிறுத்திப் பார்த்தார். தன்னைத் தவிர வேறு ஒருவரும் தேறவில்லை.

அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. கல்யாணப் புகைப்படத்தில் அவர் மனைவிக்குச் சமமாக நிற்கிறார். அவர் காலடியில் ஒரு பலகை இருப்பது படத்தில் தெரியாது. ஆலயத்தில் நாற்பத்திரண்டு பெஞ்சுகள். அத்தனையிலும் அவர் அடித்த ஆணி உண்டு. உட்காருவது கடைசி பெஞ்சில், தூணுக்கு அருகில். சபை எழுந்து நிற்கும்போதும் உட்காரும்போதும் எந்த பெஞ்சு முனகுகிறது என்று அங்கிருந்துதான் கேட்கும். ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே கைகுலுக்கிக்கொண்டிருக்கும்போது, அவர் முனகிய பெஞ்சின் அடியில் படுத்திருப்பார்.

இதில் ஒரு குறை இருந்தது. அந்த இடத்திலிருந்து பலிபீடம் தெரியாது. முன்னால் முதுகுகள்தான். இதுவரை நான்கு போதகர்கள் வந்து போனார்கள். ஆராதனையில் நான்கு பேரையும் அவர் குரலாகவே அறிவார். பிரசங்கம் செய்யும்போது போதகரின் முகம் எப்படி இருக்கும் என்பதை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஒரு ஞாயிறாவது முன்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது மனைவியிடம் சொன்னார்.

"இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை?" என்றாள் அவள். "நான் போய் ஐயாகிட்டயே கேட்டுடறேன். வலது பக்கம் எங்க வீட்டுக்காரர், இடது பக்கம் என் தம்பி. ரெண்டு பேரும் இந்தச் சபைக்குச் செய்யாததா?"

"வாயை மூடு. இப்படித்தான் ஒரு அம்மா இயேசுகிட்ட தன் ரெண்டு பையனுக்கும் வலதும் இடதும் கேட்டாங்க. என்ன பதில் கிடைச்சதுன்னு பைபிள்ல படிச்சதில்லையா?"

"படிச்சிருக்கேன். கிடைக்கலதான். ஆனா அந்த ரெண்டு பேரும் கடைசியில நல்ல பேர்தானே எடுத்தாங்க?"

அவள் போதகரிடம் போகவில்லை. தம்பியிடம் போனாள்.

தம்பி ஆலயத்தில் மைக்கும் ஸ்பீக்கரும் பார்ப்பவன். ஆறடி உயரம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்டறைக்கு வந்து, முடிந்திருந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தான். முழங்கால்கள் மார்புக்கு வந்தன.

"என்ன அத்தான் இது? இதுல உட்கார்ந்தா என் முட்டிதான் பிரசங்கம் கேக்கும். எனக்குக் கேக்காது."

"ஜோடி நாற்காலின்னா ரெண்டும் ஒரே உயரம் இருக்கணும் மாப்ளே. தொழில் தர்மம். நீ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. தாழ்மை நல்லது."

"தாழ்மைக்கும் ஒரு அளவு வேண்டாமா? பதினெட்டு அங்குலமாவது?"

"பதினாலரை."

"அப்ப இது உங்களுக்குன்னே முடிவு பண்ணிட்டீங்க."

தச்சர் உப்புத்தாளை எடுத்து, ஏற்கெனவே வழவழப்பாக இருந்த கைப்பிடியை மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்.

சனிக்கிழமை அவர் தைக்கக் கொடுத்திருந்த வெள்ளைச் சட்டையை வாங்கப் போனார். தையல்காரர் காகிதத்தில் சுற்றிக்கொண்டே கேட்டார். "நாளைக்கு உங்க சர்ச்சுல என்ன விசேஷம்? இந்த வாரம் இது நாலாவது வெள்ளைச் சட்டை."

"மத்த மூணும் யாரு?"

"பாட்டுக்குழுத் தலைவர் ஒண்ணு. சபைச் செயலாளர் ஒண்ணு. உங்க மச்சான் ஒண்ணு. நாலு பேரும் ஒரே மாதிரி சொல்றீங்க, காலர் கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும்னு."

தச்சர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மனைவியிடம், "உன் தம்பி ஊரெல்லாம் தண்டோரா போட்டிருக்கான்" என்றார். பிறகு அவரே தேற்றிக்கொண்டார். செயலாளருக்குத் தொந்தி. அந்தக் கைப்பிடிகளுக்கு நடுவில் நுழையாது. பாட்டுக்குழுத் தலைவருக்கு நெட்டைக் கால். நாற்காலி யாருடையது என்று நாற்காலியே சொல்லும்.

ஞாயிறு காலை இரண்டு நாற்காலிகளும் வெள்ளைத் துணி போர்த்தி முன்னால் நின்றன. தச்சர் கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். கூப்பிட்டால் யாரையும் மிதிக்காமல் வெளியே வரலாம். மனைவி காலரைச் சரி செய்தாள். போதகர் மைக்கைத் தட்டினார்.

"ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு பேரை முன்னால கூப்பிடப் போறேன். ரெண்டு பேரும் இந்த ஆலயத்துக்கு ரொம்ப வருஷமா உழைச்சவங்க. ஆனா இங்க நடக்கிறதை ஒரு நாள்கூடச் சரியாப் பார்த்ததில்லை."

போதகருக்கு இது எப்படித் தெரிந்தது? தச்சர் எழுந்துவிட்டார். எழுந்தது மட்டுமல்ல, நடுப்பாதைக்கு வந்து நான்கு அடி நடந்தும்விட்டார்.

"நம்ம மணிக்காரர்," என்றார் போதகர். "நாற்பது வருஷமா மணி அடிச்சிட்டு வெளியவே நிக்கிறார். ஒரு கால் மடங்காது. பெஞ்சுக்குள்ள நுழைய முடியாது. இன்னொருத்தர், இஸ்திரியம்மா. இந்தப் பீடத்துத் துணியெல்லாம் அவங்க கையால தேய்ச்சது. காது கேக்காது. என் வாயைப் பார்த்தா புரிஞ்சுக்குவாங்க. அதுக்குப் பக்கத்துல இருக்கணும்ல."

சபை முழுவதும் திரும்பி வாசலைப் பார்த்தது. நடுவில் தச்சர் நின்றார். திரும்பிப் போக முடியாது, முன்னால் போகவும் முடியாது. அவர் குனிந்தார். பக்கத்திலிருந்த பெஞ்சின் காலை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, காது வைத்துக் கேட்டார். தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு பெஞ்சு பெஞ்சாகத் தட்டியபடியே பின்வாங்கித் தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

"என்ன பண்றீங்க?" என்று மனைவி காதைக் கடித்தாள்.

"கரையான் இருக்கான்னு பாத்தேன்."

"இருக்கா?"

"சும்மா இரு."

இஸ்திரியம்மா சின்ன உருவம். மாட்டேன் மாட்டேன் என்று கையாட்டியவளை இரண்டு பெண்கள் கூட்டிக்கொண்டு போய் இடது பக்கம் உட்கார வைத்தார்கள். அளவெடுத்த மாதிரி இருந்தது. பாதம் தரையில் பதிந்தது. மணிக்காரருக்கு எழுபது வயது. நெடிய உடம்பு. மடங்காத காலைப் பலகை மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு, வலது பக்கத்து நாற்காலியில் உட்கார முயன்று, எதிர்பார்த்த இடத்தில் இருக்கை இல்லாததால் பொத்தென்று விழுந்தார். ஆனாலும் சிரித்தபடி கைப்பிடியைத் தடவிப் பார்த்தார்.

முதல் பாட்டு. சபை எழுந்தது. மணிக்காரர் எழவில்லை. கைப்பிடிகளைப் பிடித்து எக்கினார். பாதி வந்து மறுபடி விழுந்தார். மூன்றாவது முறை பாட்டே நின்றுவிட்டது. நாற்பது வருடம் மணிக்கு அடியில் நின்று பேசிப் பழகியவருக்கு மெதுவாகப் பேச வராது.

"யாருய்யா இதைச் செஞ்சது? நம்ம தச்சர் தம்பியா? தம்பி, இது நாற்காலியா கிணறா?"

ஆலயம் சிரித்தது. போதகர் சிரிப்பை அடக்கப் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்தார். தச்சர் ஓடினார். தன் குட்டைக் கால்கள் அவ்வளவு பேருக்கு முன்னால் தெரியக் கூடாது என்று எப்போதும் பொறுமையாக நடப்பவர், ஓட்டமாக ஓடிப்போய் மணிக்காரரின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்.

"போயிடாத," என்றார் மணிக்காரர். "இன்னும் எத்தனை தடவை எந்திரிக்கணுமோ."

பதினொரு தடவை. தச்சர் எண்ணினார். உட்கார வைப்பதும் தூக்குவதுமாக நாற்காலிக்கு வலது பக்கம் நின்றார். எல்லோரும் நின்று சொல்லும் விசுவாசப் பிரமாணத்துக்குத் தூக்கும்போது அக்குளில் புதுச் சட்டையின் தையல் விட்டது.

நடுநடுவே பார்க்க நேரம் கிடைத்தது. பிரசங்கம் செய்யும்போது போதகரின் இடது புருவம் மட்டும் ஏறி ஏறி இறங்கியது. முக்கியமான இடத்துக்கு வந்தால் நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். இஸ்திரியம்மா அந்த வாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. போதகர் ஏதோ வேடிக்கை சொன்னார். சபை சிரிப்பதற்கு ஒரு கணம் முன்பே அவள் சிரித்துவிட்டாள்.

அந்தப் பக்கம் திரும்பினால் சபை தெரிந்தது. நாற்பத்திரண்டு பெஞ்சும் நேராக நின்றன. பதினேழாவது மட்டும் இடது பக்கம் சாய்ந்திருந்தது. பின்னாலிருந்து அது தெரிந்ததே இல்லை. மைக் பெட்டிக்குப் பக்கத்தில் மச்சான் வாயைத் திறந்து தூங்கினான். செயலாளரும் பாட்டுக்குழுத் தலைவரும் ஒரே பெஞ்சில், ஒரே மாதிரிக் காலரோடு, ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி பெஞ்சில் மனைவி எக்கி எக்கி இவரையே பார்த்தாள். அவ்வளவு தூரத்திலிருந்தும் அவள் பல் தெரிந்தது.

முடிந்ததும் மச்சான்தான் முதலில் வந்தான்.

"கேட்டது கிடைச்சிடுச்சே அத்தான். வலது பக்கம். உட்காரத்தான் முடியல."

"தூங்கினவனுக்கு எப்படித் தெரியும்?"

"நான் கண்ணை மூடி ஜெபம் பண்ணிட்டிருந்தேன்."

"குறட்டை ஸ்பீக்கர்ல வந்தது மாப்ளே."

மணிக்காரர் தச்சரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தம்பி, நாற்காலி குட்டைதான். ஆனா நீ தூக்கிற தூக்கு நல்லாயிருக்கு. இது இப்படியே இருக்கட்டும். வாராவாரம் நீ வந்து நின்னுடு. எனக்கும் பேச்சுத்துணை."

போதகரும் தலையாட்டினார். "அப்படியே வச்சுக்கலாமே. உங்களுக்கும் முன்னால ஒரு இடம் ஆச்சு."

தச்சர் நாற்காலியைப் பார்த்தார். பார்க்கலாம் ஐயா என்றார்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்குத் தச்சர் வலது பக்கத்து நாற்காலியைச் சைக்கிளில் கட்டிப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். வருகிற வழியில் மணிக்காரர் வீட்டில் இறங்கி, அவரைச் சுவரோரம் நிற்கவைத்தும் கட்டிலில் உட்காரவைத்தும் அளந்தார். இருபது அங்குலம். அதே மரத்தில் ஐந்தரை அங்குல உயரத்துக்கு ஒரு சட்டம் செய்து அடியில் பூட்டினார். பகல் ஒன்றுக்கு மனைவி சாப்பாடு கொண்டுவந்தாள். ஜோடி பொருந்தாதே என்றாள். ஆமாம் என்றார். அப்ப அடுத்த ஞாயிறு நீங்க எங்கே என்றாள். பதினேழாவது பெஞ்சு சாய்ந்திருக்கிறது, அதைப் பார்க்க வேண்டும் என்றார். மூன்று மணிக்கு மழை தூறியது. நாற்காலியின் மேல் சாக்கைப் போர்த்தி ஆலயத்துக்குக் கொண்டுபோனார். மணிக்காரர் வந்து உட்கார்ந்து எழுந்தார். மறுபடி உட்கார்ந்து எழுந்தார். யாரும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. தச்சர் பதினேழாவது பெஞ்சின் அடியில் ஆப்பு வைத்துவிட்டு ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்தார். மனைவி சட்டையின் அக்குளைத் தைத்து மடித்து வைத்திருந்தாள்.